நீலம் தோன்றும் நேரம்: வினைவேகத்தை அளந்து அறிவது எப்படி?

மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவன்

வெடிமருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து முடிகிறது. மழையில் கிடக்கும் இரும்புக் கதவு துருப்பிடிக்க மாதங்கள் ஆகின்றன. இரவில் பாலில் உறை ஊற்றினால் காலையில் தயிராகிவிடுகிறது. மார்கழிக் குளிரில் அதே பால் காலையிலும் பாதி பாலாகவே இருக்கிறது. இவை எல்லாமே வேதி மாற்றங்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேகத்தில் நடக்கின்றது. அந்த வேகத்தை அளப்பது எப்படி? எதைக் கூட்டினால் வேகம் கூடும், எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டுச் சொல்வது எப்படி? இவ்வினாக்களுக்கு விடை தருவதே வேதி வினைவேகவியல் என்னும் பகுதி.

இதைப் பாடநூலில் படித்தபோது எனக்கு எளிதாகவே தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் என் கையால் செய்து பார்த்தபோதுதான் அதன் அருமை விளங்கியது. அங்கு நான் செய்த ஒரு பிழையையும், அப்பிழை எனக்குக் கற்றுத் தந்ததையும் சேர்த்தே இக்கட்டுரையில் எழுதுகிறேன். கலைப்பிரிவு நண்பர்களும் படிக்கும் மலர் இது என்பதால் இயன்றவரை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

வேகம் என்றால் என்ன?

பேருந்தின் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்கிறோம். வேதி வினையில் கடக்கும் தூரம் என்று ஒன்று இல்லை. மாறுவது பொருளின் செறிவு. ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் பொருள் இருக்கிறது என்பதே செறிவு. ஒரு விநாடியில் அந்தச் செறிவு எவ்வளவு குறைகிறது, அல்லது விளைபொருளின் செறிவு எவ்வளவு கூடுகிறது என்பதே வினைவேகம்.

பேருந்துக்கும் வினைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நல்ல சாலையில் பேருந்து ஒரே வேகத்தில் ஓட முடியும். பெரும்பாலான வினைகளோ தொடக்கத்தில் வேகமாகவும், போகப்போக மெதுவாகவும் நடக்கின்றன. வினைபடு பொருள்கள் தீர்ந்துகொண்டே வருவதால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பு குறைகிறது. ஆகவே “இவ்வினையின் வேகம் என்ன?” என்று கேட்டால், “எந்த நேரத்தில்?” என்று திருப்பிக் கேட்க வேண்டியதாகிறது.

இதை முதன்முதலில் கணக்காக எழுதிக் காட்டியவர் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர். 1850-ஆம் ஆண்டில், அமிலம் கலந்த கரும்புச் சர்க்கரைக் கரைசல் சிதைவதை ஒளிமுனைவுமானியால் அளந்து, எந்த நொடியிலும் வேகம் அப்போது எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று காட்டினார். 1864-இல் நார்வே நாட்டின் குல்ட்பெர்க், வாகே ஆகிய இருவரும் நிறைத்தாக்க விதியை வெளியிட்டனர். 1884-இல் வான்ட் ஹாஃப் தமது புகழ்பெற்ற நூலில் இத்துறைக்கு ஓர் ஒழுங்கான வடிவம் தந்தார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்கே வழங்கப்பட்டது.

வேக விதியும் வினைப்படியும்

இரண்டு பொருள்கள் வினைபுரிவதாகக் கொள்வோம். முதற்பொருளின் செறிவை மட்டும் இரு மடங்காக்குகிறோம். மற்றதை அப்படியே விடுகிறோம். வேகம் மாறவே இல்லை என்றால், அப்பொருளைப் பொறுத்து வினைப்படி பூஜ்யம். வேகமும் இரு மடங்கானால் வினைப்படி ஒன்று. நான்கு மடங்கானால் வினைப்படி இரண்டு. எட்டு மடங்கானால் மூன்று. அதாவது, செறிவை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் வேகத்தோடு பொருந்துகிறதோ அந்த அடுக்கே வினைப்படி ஆகும். ஒவ்வொரு பொருளின் செறிவையும் அதற்குரிய அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கி, அதனுடன் ஒரு மாறிலியையும் பெருக்கினால் வேகம் கிடைக்கும். இதுவே வேக விதி. அந்த மாறிலியின் பெயர் வேக மாறிலி.

இங்கேதான் என்னைப் போன்ற மாணவர்கள் தவறி விழுகிறோம். சமன்பாட்டில் பொருளின் முன்னால் நிற்கும் எண்ணே வினைப்படி என்று நினைத்துவிடுகிறோம். அது உண்மையன்று. இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளும் இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து நைட்ரஜனையும் நீரையும் தருகின்றன. ஆய்வில் கண்ட வினைப்படியோ நைட்ரிக் ஆக்சைடுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்றுதான். நைட்ரஜன் பென்டாக்சைடு சிதையும் சமன்பாட்டில் அதன் முன்னால் 2 என்று எழுதுகிறோம், வினைப்படியோ ஒன்று. சமன்பாடு வரவு செலவுக் கணக்கு போன்றது. எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று அது சொல்லும். எவ்வழியில், எவ்வளவு விரைவாக வந்தது என்று சொல்லாது. வினைப்படியை ஆய்வு செய்துதான் அறிய வேண்டும்.

ஏன் தொடக்கத்தைப் பிடிக்க வேண்டும்?

வினைப்படியை அறியப் பல முறைகள் உண்டு. அவற்றுள் மிக நேரடியானது தொடக்க வேக முறை. வினை தொடங்கிய அந்தச் சிறு நேரத்தில் மட்டும் வேகத்தை அளக்கிறோம். இதில் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, நாம் அளந்து ஊற்றிய செறிவு அப்போது ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இரண்டாவது, விளைபொருள் இன்னும் சேரவில்லை. ஆகவே பின்னோக்கு வினையோ, விளைபொருள் குறுக்கிடும் தொல்லையோ இல்லை.

பிறகு செய்ய வேண்டியது ஒன்றே. ஒரு நேரத்தில் ஒரு பொருளின் தொடக்கச் செறிவை மட்டும் மாற்றி, மற்ற அனைத்தையும் மாறாமல் வைத்து, வேகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். “மற்ற அனைத்தையும்” என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் கதையே அதில்தான் இருக்கிறது.

எங்கள் ஆய்வு

எங்களுக்குத் தரப்பட்ட வினை பெர்சல்பேட் அயனிக்கும் அயோடைடு அயனிக்கும் இடையே நிகழ்வது. ஒரு பெர்சல்பேட் அயனியும் இரண்டு அயோடைடு அயனிகளும் சேர்ந்து இரண்டு சல்பேட் அயனிகளையும் ஒரு அயோடின் மூலக்கூறையும் தருகின்றன. அயோடின் ஸ்டார்ச்சுடன் சேர்ந்தால் கருநீலம். ஆனால் இரண்டு கரைசல்களையும் வெறுமனே கலந்தால் நீலம் சிறிது சிறிதாக ஏறும். எந்த நொடியைக் குறிப்பது என்று தெரியாது.

இதற்கு ஓர் அழகான உத்தி உண்டு. கலவையில் அளவறிந்து சிறிது சோடியம் தயோசல்பேட்டைச் சேர்த்துவிடுகிறோம். பிறக்கும் அயோடினைத் தயோசல்பேட் உடனுக்குடன் விழுங்கி மீண்டும் அயோடைடாக்கிவிடும். தயோசல்பேட் தீரும் வரை கரைசல் தெளிந்த நீராக நிற்கும். அது தீர்ந்த மறுகணம், திரை விழுந்தாற்போல் குடுவை முழுதும் நீலமாகும்! ஆக, நீலம் தோன்றும் நேரம் என்பது நாம் முன்கூட்டியே அறிந்த ஓர் அளவு அயோடின் உண்டாக எடுத்த நேரம். அந்த அளவை நேரத்தால் வகுத்தால் வேகம். ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்கோர்ட் என்ற வேதியியலாரும் எஸ்ஸன் என்ற கணித வல்லுநரும் 1860-களில் ஹைட்ரஜன் பெராக்சைடு – அயோடைடு வினையை ஆராய இதே உத்தியைக் கையாண்டனர். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அது நம் செய்முறை வகுப்பில் வாழ்கிறது.

நாங்கள் எடுத்துக்கொண்ட அளவுகள் இவை: 0.1 மோலார் பொட்டாசியம் பெர்சல்பேட் 20 மி.லி., 0.2 மோலார் பொட்டாசியம் அயோடைடு 20 மி.லி., 0.01 மோலார் தயோசல்பேட் 10 மி.லி., சில துளி ஸ்டார்ச். மொத்தம் 50 மி.லி. கலந்தபின் பெர்சல்பேட் 0.04, அயோடைடு 0.08, தயோசல்பேட் 0.002 மோலார் ஆகின்றன. ஓர் அயோடின் மூலக்கூறை விழுங்க இரண்டு தயோசல்பேட் வேண்டும். எனவே நீலம் தோன்றும்போது உண்டாகியிருக்கும் அயோடின் 0.001 மோலார். இதற்காகச் செலவான பெர்சல்பேட் நூற்றுக்கு இரண்டரை பங்குதான். அயோடைடோ தயோசல்பேட்டால் மீட்கப்படுவதால் குறையவே இல்லை. ஆகவே இதைத் தொடக்க வேகம் என்று துணிந்து சொல்லலாம்.

இரண்டாம் கலவையில் பெர்சல்பேட் பாதி. மூன்றாம் கலவையில் அயோடைடு பாதி. குறைந்த 10 மி.லி.யை வெறும் நீரால் நிரப்பக் கூடாது. பெர்சல்பேட்டுக்கு ஈடாகப் பொட்டாசியம் சல்பேட்டும், அயோடைடுக்கு ஈடாகப் பொட்டாசியம் நைட்ரேட்டும் அதே செறிவில் ஊற்ற வேண்டும். இரண்டு எதிர்மின் அயனிகள் வினைபுரியும்போது, கரைசலின் மொத்த அயனி வலிமை மாறினாலே வேகமும் மாறிவிடும் என்பதே காரணம். நீரும் வாலை வடிநீராக இருக்க வேண்டும். குழாய் நீரில் இரும்பு, செம்பு அயனிகள் சிறிதளவு இருந்தாலும் அவை வினையூக்கிகளாகி வினையை விரைவுபடுத்திவிடும்.

நான் செய்த பிழை

முதல் நாள் காலையில் இரண்டு கலவைகளைச் செய்து முடித்தேன். முதலாவதற்கு 52 விநாடி. பெர்சல்பேட் பாதியானதற்கு 104 விநாடி. செறிவு பாதி, வேகமும் பாதி. பெர்சல்பேட்டுக்கு வினைப்படி ஒன்று. உள்ளம் மகிழ்ந்தது.

உணவு இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது கலவை. சமன்பாட்டில் அயோடைடுக்கு 2 இருப்பதால் வினைப்படியும் இரண்டாக இருக்கும், அதாவது நீலம் தோன்ற 208 விநாடி ஆகும் என்று எண்ணிச் சற்றே சாய்ந்து நின்றேன். எழுபதாவது விநாடியிலேயே குடுவை நீலமாகிவிட்டது. மீண்டும் செய்தேன், மீண்டும் 70. கணக்கிட்டால் வினைப்படி 0.43 என்று வந்தது. இரண்டும் இல்லை, ஒன்றும் இல்லை, அரையும் இல்லை!

பக்கத்து மேசை நண்பன் எட்டிப் பார்த்தான். “புத்தகத்துல ஒண்ணுன்னு போட்டிருக்குடா. 104-ன்னு எழுதிட்டுப் போ. போன வருஷ அண்ணன் ரெக்கார்டுலயும் அப்படித்தான் இருக்கு” என்றான். மறைப்பானேன், பேனாவை எடுத்துவிட்டேன். 104 என்ற எண்ணில் ஒன்றை எழுதியும்விட்டேன். அந்நேரம் எங்கள் விரிவுரையாளர் மேசைக்கு அருகில் வந்தார். என் கைக்குறிப்பைப் பார்த்தார், திட்டவில்லை. “தம்பி, எழுபது விநாடின்னு குடுவை சொல்லுது. அதுக்குக் காரணம் இல்லாம இருக்காது. காலைக்கும் இப்பவுக்கும் என்ன மாறிச்சுன்னு யோசி” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

என்ன மாறியது? அதே புட்டிகள், அதே பிப்பெட், அதே கை. என் குறிப்பேட்டில் நேரம் இருந்தது, வெப்பநிலை இல்லை. நான் எழுதவே இல்லை. ஆனால் எதிர் மேசையில் எஸ்டர் நீராற்பகுப்பைச் செய்துகொண்டிருந்த மாணவி தன் ஒவ்வொரு அளவீட்டுக்கும் அருகே வெப்பநிலையைக் குறித்து வைத்திருந்தார். காலையில் 28 டிகிரி. பிற்பகலில் 34 டிகிரி. அத்துடன் என் புட்டிகளும் இடைவேளை முழுதும் சன்னலோரத்தில் இருந்தன. “மற்ற அனைத்தையும் மாறாமல் வைத்து” என்று மனப்பாடமாக எழுதியவன், வெப்பநிலையை மாறவிட்டிருந்தேன்.

மறு வாரம் தண்ணீர்த் தொட்டியில் கரைசல்களை வைத்து, வெப்பமானியை நட்டு, 28 டிகிரியில் நிறுத்தி எல்லாவற்றையும் மீண்டும் செய்தேன். கிடைத்த அளவுகள்:

கலவை 1: பெர்சல்பேட் 0.04, அயோடைடு 0.08 மோலார் — 53 விநாடி
கலவை 2: பெர்சல்பேட் 0.02, அயோடைடு 0.08 மோலார் — 105 விநாடி
கலவை 3: பெர்சல்பேட் 0.04, அயோடைடு 0.04 மோலார் — 107 விநாடி
கலவை 4: பெர்சல்பேட் 0.02, அயோடைடு 0.04 மோலார் — 210 விநாடி

கலவை 1, 2 ஆகியவற்றை ஒப்பிட்டால் நேரம் 1.98 மடங்கு. இதன் மடக்கையை 2-இன் மடக்கையால் வகுத்தால் 0.99. எனவே பெர்சல்பேட்டுக்கு வினைப்படி ஒன்று. கலவை 1, 3 ஆகியவற்றை ஒப்பிட்டால் 2.02 மடங்கு, வகுத்தால் 1.01. அயோடைடுக்கும் ஒன்று. இரண்டும் பாதியான நான்காம் கலவையில் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காவது இதற்குச் சான்று. மொத்த வினைப்படி இரண்டு.

வேக மாறிலியையும் காணலாம். முதற்கலவையின் வேகம் 0.001-ஐ 53-ஆல் வகுத்தது, அதாவது விநாடிக்கு 0.0000189 மோலார். இதை இரு செறிவுகளின் பெருக்கமான 0.0032-ஆல் வகுத்தால் 0.0059. மற்ற மூன்று கலவைகளிலும் இதே போல் செய்தால் 0.0058-க்கும் 0.0060-க்கும் இடையிலேயே விடை நிற்கிறது. நான்கு வேறு கலவைகளும் ஒரே எண்ணைச் சொல்வதைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சி, தேர்வு மதிப்பெண்ணில் நான் அடைந்ததில்லை.

இரண்டு இருக்க, ஒன்று ஏன்?

சமன்பாட்டில் இரண்டு அயோடைடு இருக்க, வேகம் ஒன்றை மட்டும் மதிப்பது ஏன்? நியாயவிலைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பில் போடுபவர் ஒருவர், எடை போடுபவர் ஒருவர். பில் போடுவது மெதுவாகவும் எடை போடுவது விரைவாகவும் நடந்தால், வரிசை நகரும் வேகத்தை முடிவு செய்பவர் பில் போடுபவர்தான். எடை போட இன்னும் இரண்டு பேரை நிறுத்தினாலும் வரிசை விரைந்து நகராது. வினையும் அப்படித்தான். முதலில் ஒரு பெர்சல்பேட்டும் ஓர் அயோடைடும் மெதுவாகச் சேர்கின்றன. உண்டாகும் இடைநிலைப் பொருளை இன்னோர் அயோடைடு நொடியில் முடித்து வைக்கிறது. மெதுவான படியில் பங்கு கொள்வோரே வேக விதியில் இடம் பெறுகின்றனர். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளின் நடையை, நிறுத்து கடிகாரத்தைக் கொண்டு நாம் ஊகித்துவிடுகிறோம்!

இம்முறைக்கு எல்லையும் உண்டு. தொடக்கத்தை மட்டும் பார்ப்பதால், பின்னால் நடப்பது அதன் கண்ணில் படாது. சூடான ஆக்சாலிக் அமிலத்தில் பெர்மாங்கனேட்டைச் சொட்டும்போது முதல் துளியின் நிறம் மறையத் தயங்குவதையும், அடுத்த துளிகள் உடனே மறைவதையும் தரம்பார்த்தலில் கண்டிருப்பீர்கள். அங்கே உண்டாகும் மாங்கனஸ் அயனியே வினையூக்கியாகிறது. இத்தகைய வினையில் தொடக்க வேகத்தை மட்டும் நம்பினால் பாதிக் கதைதான் தெரியும். மிக விரைவான வினைகளுக்கு நம் கையும் கடிகாரமும் போதா. அவற்றை அளக்கும் வழிகளைக் கண்ட ஐகன், நாரிஷ், போர்ட்டர் ஆகிய மூவருக்கும் 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தள்ளிவிட்ட எண்ணின் மதிப்பு

இறுதியாக, அந்த எழுபது விநாடிக்கு வருகிறேன். 28 டிகிரியில் 104 விநாடி எடுக்க வேண்டிய கலவை, 34 டிகிரியில் 70 விநாடியில் முடிந்தது. அதாவது ஆறு டிகிரியில் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வெப்பநிலைக்கும் வேக மாறிலிக்கும் உள்ள தொடர்பை 1889-இல் அர்ரீனியஸ் சமன்பாடாகத் தந்தார். அதில் இந்த ஒன்றரை மடங்கை இட்டுப் பார்த்தேன். வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்குச் சுமார் 52 கிலோ ஜூல் என்று வந்தது. இரண்டே வெப்பநிலைகளைக் கொண்டு கண்டதால் இதைத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் நூல்கள் தரும் மதிப்பும் 50 கிலோ ஜூலை ஒட்டியே இருக்கிறது.

அன்று நான் 104 என்று எழுதியிருந்தால், விடை சரியாகவே இருந்திருக்கும், மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். ஆனால் கிளர்வு ஆற்றலைப் பற்றிக் குடுவை சொல்ல வந்த செய்தியை அதன் வாயிலேயே அடைத்திருப்பேன். எதிர் மேசை மாணவி வெப்பநிலையைக் குறிக்காமல் விட்டிருந்தாலும் என் எழுபது விநாடிக்குப் பொருள் கிடைத்திராது. என் ரெக்கார்டு நோட்டில் அந்த அரைகுறை “1” இன்னும் அடித்தபடியே இருக்கிறது; அதன் அருகில் 70 என்று எழுதி, பக்கத்தில் 34 டிகிரி என்றும் குறித்திருக்கிறேன். விரிவுரையாளர் அந்தப் பக்கத்தில்தான் கையொப்பமிட்டார்.

அடுத்த ஆண்டு இந்த ஆய்வைச் செய்யப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். என் ரெக்கார்டைக் கேட்டால் தருகிறேன். ஆனால் அதிலிருந்து எண்களை எடுக்காதீர்கள். உங்கள் ஆய்வுக்கூடத்தின் வெப்பநிலை அன்று என்னவாக இருக்குமோ, உங்கள் நீலம் எந்த விநாடியில் தோன்றுமோ, அது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதை அப்படியே எழுதுங்கள். அருகில் வெப்பநிலையையும் மறக்காமல் எழுதுங்கள்.